அரிவாள் கோர்ட்டுக்கு வந்த வழி

1952 ஆகஸ்ட் 29. எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் மானாமதுரைக்கு வந்தபோது, நாற்றம் தாங்காத பயணிகள் முறையிட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல். சில நாளில் சென்னை ராயபுரம் கடற்கரை மணலில் தலை கிடைத்தது. உடலையும் தலையையும் சேர்த்துவைத்துப் பார்த்த சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் பேராசிரியர், பல்வரிசையையும் காதுத் துளைகளையும் கொண்டு, காணாமல்போன மனிதர்தான் இவர் என்று சொன்னார். பாரிமுனைப் பக்கம் வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார். அவருக்குப் பழக்கமான ஒரு பெண்ணும் அவள் கணவனும் கைதானார்கள்.

அதற்குப் பதினைந்து வருடம் முன்பு இதேபோல் இன்னொரு பெட்டி. 1937 மார்ச் 23 அன்று பூரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யாரும் எடுக்காமல் விட்ட இரும்பு டிரங்கு. உள்ளே ஏழு துண்டாக ஒரு மனித உடல். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், இன்றுவரை இந்தியக் கோர்ட்டுகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பாகத் திரும்பி வந்தது.

பெட்டியில் பிணம் இருந்தால் கொலைதான் என்பதில் நமக்குச் சந்தேகம் இருக்காது. கோர்ட்டுக்கு அது ஆரம்பம்தான். இறந்தவர் யார்? இன்னொருவர் கையால்தான் இறந்தாரா? அந்தக் கை யாருடையது? அந்தக் கை நீண்டபோது மனதில் என்ன இருந்தது? நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். ஆளவந்தார் வழக்கில் முதல் மூன்றுக்கும் பதில் இருந்தது. நான்காவதில் வழக்கு இறங்கிவிட்டது. 1953இல் நீதிபதி பஞ்சாபகேச அய்யர் கணவனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் விதித்தார். கொலைக்குச் சட்டம் அப்போது வைத்திருந்த தண்டனை தூக்கு அல்லது ஆயுள். உடலைத் துண்டாக்கி ரயிலில் ஏற்றிய பிறகும் அது சட்டப்படி கொலையாகவில்லை.

ஊர்ப் பேச்சில் ஆள் செத்தால் கொலை. சட்டத்தில் மரணம் விளைவிக்கும் குற்றம் என்று ஒரு பெரிய வட்டம். அதற்குள் கொலை ஒரு சிறிய வட்டம். 1860இன் தண்டனைச் சட்டத்தில் 299, 300 ஆகிய பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 100, 101. ஊருக்கெல்லாம் பழகிப்போன 302 இப்போது 103 ஆகிவிட்டது. ‘முந்நூத்திரெண்டு கேஸ்’ என்ற வழக்கு மாற இன்னும் ஒரு தலைமுறையாவது ஆகும்.

மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? இதற்கு 1958இல் நீதிபதி விவியன் போஸ் விர்சா சிங் வழக்கில் சொன்ன பதில், இன்றும் செஷன்ஸ் கோர்ட்டுகளில் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. மறுநாள் சாவு. ‘சாகடிக்க நினைக்கவில்லை’ என்பது வாதம். அது கேள்வியே இல்லை என்றார் போஸ். அந்த இடத்தில் அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தானா, அல்லது கை தவறிப் பட்டதா? நினைத்துத்தான் குத்தினான் என்றால், அந்தக் காயம் இயல்பான போக்கில் உயிரை எடுக்கப் போதுமானதா என்பதை டாக்டர் சொல்லட்டும். அதாவது, மனதின் பாதியைக் காயத்தின் ஆழத்தில் படித்துவிடலாம். போஸ்ட்மார்ட்டம் சான்றிதழின் கடைசி வரிகளை வக்கீல்கள் ஏன் அப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

உடலே கிடைக்காவிட்டால்? ‘பிணம் இல்லையேல் கொலை இல்லை’ என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய பயம் காரணம். 1660இல் இங்கிலாந்தின் கேம்ப்டனில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல்போனார். அவருடைய வேலைக்காரனே, தன் தாயும் உடன்பிறந்தவனும் அவரைக் கொன்றார்கள் என்று வாக்குமூலம் தந்தான். மூவரையும் தூக்கில் போட்டார்கள். 1662இல் ஹாரிசன் நடந்து வந்தார். இந்தச் சூட்டை நீதிமன்றங்கள் மறக்கவில்லை. ஆனாலும் உடலை மறைக்கத் தெரிந்தவனுக்கு விடுதலை என்று விதி செய்ய முடியாதே. தமிழ்நாட்டிலிருந்து போன சேவகப் பெருமாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் இதைத் தெளிவாகச் சொன்னது: உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, மரணம் நம்பத்தக்க வேறு சாட்சியத்தால் நிலைநாட்டப்பட்டால் போதும்.

இதுவரை சொன்னது சட்டப் புத்தகத்தின் பங்கு. வழக்குகள் பெரும்பாலும் இங்கே இடறுவதில்லை. கொலை நடந்த இடத்திலிருந்து கோர்ட்டுக்கு வரும் வழியில்தான் இடறுகின்றன. ஒரு சொல், ஒரு காகிதம், ஒரு அரிவாள் எதுவானாலும் கைமாறி, நாள்பட்டு, உறையில் போட்டு முத்திரை வைக்கப்பட்டு வந்துசேர வேண்டும். வழியில் யார் கை பட்டது என்பதே விசாரணையின் பெரும்பகுதி.

முதலில் பயணப்படுவது முதல் தகவல் அறிக்கை. கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கக் கூடாது. தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். நள்ளிரவானாலும் ஒரு கான்ஸ்டபிள் அதை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் தூக்கக் கலக்கத்தோடு கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுவார். இரண்டு வருடம் கழித்து எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த மணியைத்தான். சம்பவம் இரவு எட்டு, புகார் ஒன்பதரை, மாஜிஸ்திரேட் கைக்கு வந்தது மறுநாள் மாலை நான்கு. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். இடைப்பட்ட நேரத்தில் காகிதம் என்ன செய்துகொண்டிருந்தது? பெயர்கள் சேர்ந்தனவா, கலந்து பேசி எழுதினார்களா? 1972இல் துலியா காளி வழக்கில், தகவல் போலீசுக்குப் போய்ச் சேரவே இருபது மணி நேரத்துக்கு மேலானது என்பதைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. அதுவும் மதராஸிலிருந்து போன வழக்கு. நேரில் பார்த்தேன் என்ற சாட்சி இருந்தும், தாமதம் அந்தச் சாட்சியத்தின் மேல் நிழலாக விழுந்துவிட்டது.

கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தால் போதுமா? போதும். சாட்சிகளை எண்ணாதே, எடைபோடு என்பது இந்தியச் சட்டத்தின் நிலை. 1957இல் வடிவேலுத் தேவர் வழக்கில் நீதிபதி சின்ஹா சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தார்: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டும் இல்லாதவர். முதல் இருவரிடம் கோர்ட்டுக்குச் சிரமமில்லை. மூன்றாமவருக்குத்தான் துணைச் சாட்சியம் தேட வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் மூன்றாம் வகை என்பதுதான் சிக்கல். கொலையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செத்தவனின் வீட்டுக்காரர்கள். சொந்தக்காரன் என்பதற்காகவே சாட்சியைத் தள்ளிவிட முடியாது. முன்விரோதம் இருந்தது என்றால் அது இரு பக்கமும் வெட்டும்: கொல்லவும் அது காரணம், பொய்யாக மாட்டிவிடவும் அதுவே காரணம்.

போலீஸ் விசாரணையில் சொன்னதைக் கூண்டில் ஏறியதும் மறுத்துவிடுபவர் பிறழ்சாட்சி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2004 செப்டம்பர் 3 அன்று சங்கரராமன் கொல்லப்பட்ட வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013 நவம்பரில் எதிரிகள் அனைவரும் விடுதலை ஆனார்கள். விசாரிக்கப்பட்ட சாட்சிகள் 189. அவர்களில் பிறழ்ந்தவர்கள் 83. காசா, மிரட்டலா, அல்லது சொல்லாததைச் சொன்னதாகப் போலீஸ் எழுதிக்கொண்டதா? 83 பேருக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எழுதியவர் ஒருவர், சொன்னவர் இன்னொருவர்.

இதற்கு எதிர்முனையில் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியுடன் போன இளைஞர். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான உடல். தற்கொலை போலக் காட்ட ஏற்பாடுகள் நடந்திருந்தன. கூடப் போன தோழி கோர்ட்டில் பிறழ்சாட்சியானார். ஆனால் கோயில் கேமரா பிறழவில்லை. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டைக் கேட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதன்மை எதிரியின் சாகும்வரை சிறை என்ற தண்டனையை உறுதிசெய்தார்கள். கேமராவுக்கும் வழிப்பயணம் உண்டு. ஹார்டு டிஸ்க்கை எடுத்தது யார், பிரதி போட்டது யார், எந்தக் கணினியில்? அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி, புதியதில் 63ஆவது பிரிவு. அந்த ஒரு தாள் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மனித சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல இயந்திரத்தைச் செய்ய முடியாது. அதன் காப்பாளரைத்தான் செய்ய முடியும்.

பூரி பெட்டிக்கு வருவோம். செத்தவர் பிதாபுரத்துக்காரர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவியிடம், பெர்ஹாம்பூரில் இன்னார் பணம் தர வரச்சொல்லியிருக்கிறார்கள், போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவர் சாகக் கிடக்கவில்லை, சாவோம் என்று நினைக்கவும் இல்லை. இதை மரண வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆங்கிலச் சட்டத்தில் முடியாது. அங்கே பேசுபவன் சாவை எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் முடியும் என்று 1939இல் அட்கின் பிரபு தீர்ப்பெழுதினார். மரணத்தில் போய் முடிந்த நிகழ்வின் சூழ்நிலையைப் பற்றிய பேச்சு என்றால் போதும். குற்றம் சாட்டப்பட்ட பாகலா நாராயணசாமிக்கு எதிரான தீர்ப்பு நின்றது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன ஒரு சாதாரண வாக்கியம் லண்டன்வரை போயிருக்கிறது.

மரண வாக்குமூலம் நம் ஊரில் அதிகம் பிறக்கும் இடம் அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டு. தகவல் போனதும் மாஜிஸ்திரேட் வருவார். சொந்தக்காரர்களையும் போலீசையும் வெளியே அனுப்புவார். உன் பெயர் என்ன, இது எந்த இடம், நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்பார். டியூட்டி டாக்டர் நினைவோடு இருக்கிறார் என்று எழுதித் தருவார். விரல்கள் வெந்துபோயிருந்தால் கால் பெருவிரலின் ரேகையை எடுப்பார்கள். இத்தனை கவனத்தோடு எடுத்த தாளில், தீக்காயத்தோடு கிடக்கும் மனைவி ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்பாள். இரண்டு நாள் கழித்து அம்மா வந்த பிறகு, ‘அவருதான் ஊத்துனாரு’ என்பாள். எது உண்மை? முதலில் சொன்னபோது கணவன் வீட்டார் வராந்தாவில் நின்றிருக்கலாம், குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்று யோசித்திருக்கலாம். இரண்டாவதைச் சொன்னபோது அம்மா காதில் ஓதியிருக்கலாம். சாகப்போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுந்த விதி இது. சாகப்போகிறவளுக்கு வீட்டைப் பற்றிய கவலை இருக்கும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. டாக்டரின் சான்று இல்லை என்பதற்காக மட்டும் வாக்குமூலத்தைத் தள்ள வேண்டாம் என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. குறுக்கு விசாரணை செய்ய ஆள் இல்லாத சாட்சியம் என்பதால், கேட்ட காதை நம்பலாமா என்பதே கேள்வியாகிறது.

இப்போது அரிவாள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது 1872இன் சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. அடிக்கும் கையிடம் சொன்னதை நம்ப முடியாது என்பதை ஆண்ட வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் 27ஆவது பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. எதிரி சொன்னதால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவோடு இது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கதவு எவ்வளவு அகலம் என்பதை அன்றைய மதராஸ் மாகாணத்துப் புலுகூரி கோட்டையா வழக்கில் 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அளந்து சொன்னது. வைக்கோற்போரில் ஈட்டியை ஒளித்தேன் என்பது செல்லும். அதைக்கொண்டுதான் குத்தினேன் என்பது செல்லாது. கண்டுபிடிக்கப்பட்டது ஈட்டி இல்லை. ஈட்டி அங்கே இருந்தது அவனுக்குத் தெரியும் என்பதே கண்டுபிடிப்பு.

நடைமுறையில் இந்தச் சிறு கதவு வழியாகத்தான் ஊரே போய்வருகிறது. ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தபோது பறிமுதலைப் பதியும் மகஜரின் சாட்சி ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். துணி உறையைப் பிரித்து அரிவாளை மேஜைமேல் வைத்தார்கள். இவர் முன்னிலையில்தான் எதிரி முட்புதரிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தான் என்பது கேஸ். குறுக்கு விசாரணை ஐந்து நிமிடம் நடந்திருக்கும்.

‘மகஜர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சுப் பாத்தீங்களா?’

‘இல்லைங்கய்யா. ஏட்டையா போடச் சொன்னாரு, போட்டேன்.’

‘எங்க வச்சுப் போட்டீங்க?’

‘ஸ்டேஷன்ல.’

‘இந்த மாதிரி அரிவாள் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் என்று சொன்னால் சரியா?’

‘சரிதாங்க.’

தட்டச்சர் ‘என்றால் சரிதான்’ என்று அடித்து முடித்தார். முட்புதர் அந்த நிமிடத்தோடு வழக்கிலிருந்து காணாமல்போனது.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் தவறாமல் வரும் இன்னொரு ஆள் வி.ஏ.ஓ. எதிரி தானாகக் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் போய், மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லி அழுவார். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு, தலையாரியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைப்பார். பிறகு அதே வி.ஏ.ஓ.வும் தலையாரியும் அரிவாள் மகஜரிலும் கையெழுத்துப் போடுவார்கள். வி.ஏ.ஓ. போலீஸ் அல்ல என்பதால் அவரிடம் சொன்னது செல்லும் என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்திரேட்டுகள் ஒப்புதல் வாக்குமூலம் எழுதவே கூடாது என்று மதராஸ் குற்ற நடைமுறை விதிகளில் 72ஆவது விதி தடுத்து வைத்திருந்தது. வி.ஏ.ஓ.விடம் சொன்னதாலேயே அது செல்லாமல் போகாது, சூழ்நிலையைப் பார் என்று சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சூழ்நிலை பார்ப்பதென்றால் என் போன்றவனுக்கு ஒரு கேள்விதான்: அண்ணன் தம்பி, மாமன் மச்சான், வக்கீல் என்று இத்தனை பேர் இருக்க, முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ. ஆபீசைத் தேடிப் போய் ஒருவன் ஏன் அழ வேண்டும்?

அந்தக் கதவை முழுசாகத் திறந்துவிட்ட காலமும் உண்டு. தடாச் சட்டத்தில் எஸ்.பி. தரத்திலுள்ள அதிகாரியிடம் தந்த ஒப்புதலே சாட்சியம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாக்கி, 19 பேரைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தடாக் குற்றமே பொருந்தாது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்கீழ் எடுத்த ஒப்புதல்களை மற்றக் குற்றங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. சாவி பொய்த்த பிறகும் பூட்டு திறந்தே இருந்தது.

கூட்டாளியே அரசுத் தரப்புக்கு மாறி அப்ரூவராக வருவதும் ஏறக்குறைய இதே ஆபத்துதான். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது குத்தப்பட்ட ‘இந்து நேசன்’ பத்திரிகை லட்சுமிகாந்தன் வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சதி செய்ததாக ஜூரி தீர்மானித்தது. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பி, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவிக்கும்போது, சிறையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. பாகவதரின் மார்க்கெட் திரும்பவே இல்லை.

யாரும் பார்க்காத கொலைக்குச் சூழ்நிலைச் சாட்சியம். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளை வகுத்தது. புனேயில் சயனைடால் இறந்த இளம் மனைவி. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் கணவனுக்குத் தூக்கு விதித்திருந்தன. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஐந்து விதிகளின் சாரம் எளியது. ஒவ்வொரு கண்ணியும் தனியாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்த சங்கிலி இவனைத் தவிர வேறு யாரையும் சுட்டக் கூடாது. அதே சங்கிலியின் மறுமுனையில் வீட்டுக்குள் நடக்கும் சாவுகள். நான்கு சுவருக்குள் கணவனும் மனைவியும் மட்டும் இருந்து, விடியும்போது மனைவி பிணமானால், நடந்ததை விளக்க வேண்டிய பொறுப்பு கணவனுக்கு உண்டு என்று 2006இல் திரிமுக் மாரோதி வழக்கு சொல்கிறது. நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது என்ற விதி அங்கே உடைவதில்லை; அவன் வாய் திறக்காததும் ஒரு கண்ணியாகச் சேர்கிறது.

எவ்வளவு நிரூபித்தால் நிரூபித்ததாகும்? ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்பதைச் சினிமா கோர்ட்டிலிருந்து டீக்கடைவரை சொல்கிறார்கள். நிரூபணம் என்றால் என்ன என்று வரையறுக்கும் சாட்சியச் சட்டப் பிரிவில் அந்தத் தொடரே கிடையாது. விவரமறிந்த ஒரு மனிதன் நம்பிச் செயல்படும் அளவுக்கு இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சந்தேகம் என்ற அளவுகோல் இங்கிலாந்துத் தீர்ப்புகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. 1973இல் கிருஷ்ண அய்யர் சிவாஜி சாகேப்ராவ் பொபடே வழக்கில் இரு பக்கமும் கோடு கிழித்தார். சந்தேகத்தின் பலனை அளவுக்கு மீறிப் பூஜை செய்ய வேண்டாம் என்றார். கூடவே, செய்திருக்கலாம் என்பதற்கும் செய்துதான் இருக்க வேண்டும் என்பதற்கும் நடுவே உள்ள தூரம் நீளமானது என்றும் சொன்னார். அந்தத் தூரத்தைத் தாண்ட வைக்கும் வேலை பெரிய துப்பறியும் மூளைக்கு உரியதல்ல. மாஜிஸ்திரேட் எழுதிய மணி, முத்திரை உடையாத உறை, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரு மகஜர் சாட்சி, இவைதான் அதைச் செய்கின்றன. இப்போது வந்திருக்கும் புதிய நடைமுறைச் சட்டம் சோதனைகளையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. முட்புதரிலிருந்து அரிவாளை எடுப்பதைப் படம் பிடித்தால், அது ஸ்டேஷனில் எழுதப்பட்டதா, முட்புதர் பக்கத்தில் எழுதப்பட்டதா என்ற கேள்விக்காவது விடை கிடைக்கலாம்.

நான் பார்த்த அந்த வழக்கில் எதிரிக்கு விடுதலை. அவன் செய்தானா என்று எனக்குத் தெரியாது. தீர்ப்பும் அதைச் சொல்லவில்லை. கடைசிப் பத்தி வழக்கம்போல் சொத்துகளைப் பற்றியது. சான்றுப் பொருள் (சா.பொ.) 1 அரிவாள், சா.பொ. 2 இரத்தக்கறை படிந்த வேட்டி, சா.பொ. 3 இரத்தக்கறை படிந்த மண், சா.பொ. 4 சாதாரண மண். இவை மதிப்பற்றவை என்பதால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு அழித்துவிட உத்தரவிடப்படுகிறது.